இஞ்ஞாசி பிடித்த கயிறு

கடலுக்கடியில் முங்கிச் சங்கு எடுக்கும் திரேஸ்புரத்துக் குளிகாரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனுடைய இடுப்புக் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் என்றைக்கோ போட்ட சண்டை அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரலாம். சினேகிதன் பிடித்தால் பராக்குப் பார்க்கலாம். கூடப் பிறந்தவள் தாலி இழக்கட்டும் என்று எந்த ஆண்பிள்ளையும் கயிற்றை நழுவவிட மாட்டான். இப்போது படகில் கம்ப்ரசர் ஓடுகிறது, டியூப்பு வழியாகக் காற்று இறங்குகிறது. ஆனாலும் கயிறு இருக்கிறது, அதைப் பிடிப்பவன் மச்சானாகவே இருக்கிறான்.

இஞ்ஞாசி தன் தங்கை மெட்டில்டாவின் புருஷனுக்குப் பத்தொன்பது வருஷமாகக் கயிறு பிடித்தார். ஐம்பத்திரண்டு வயது. அதிர்ந்து பேசாத ஆள். காலைப் பூசை தவறியதில்லை. கயிற்றைக் கையில் எடுத்தால் முதலில் அதன்மேல் சிலுவை போடுவார். இடது உள்ளங்கையில் கயிறு ஓடி ஓடி ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது.

கயிறு பிடிப்பதற்கு முறை உண்டு. பிடிக்கிறவன் தண்ணீரைப் பார்க்கக்கூடாது. கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. கீழே இருக்கிறவன் ஒரு சுண்டு சுண்டினால் "இருக்கேன்" என்று அர்த்தம். இரண்டு சுண்டு என்றால் "இழு". அந்த இரண்டு சுண்டு வராமல் மேலே இருக்கிறவன் இழுக்கவே கூடாது. கேட்காமல் இழுத்தால் கீழே இருக்கிறவனுக்குத் தலைகுனிவு. அப்படி இழுக்கப்பட்டவன் மறுநாள் வேறு படகு தேடிப் போய்விடுவான். பத்தொன்பது வருஷத்தில் இஞ்ஞாசி ஒருநாளும் கேட்காமல் இழுத்ததில்லை.

தங்கச்சி புருஷன் பெயர் ரெமிஜியுஸ். ஏழு பாகம் ஆழத்தில், அதாவது ஏழு ஆள் உயரத்துக்குக் கீழே, மணலுக்குள் புதைந்து கிடக்கும் சங்கைக் காலாலேயே தடவி எடுத்துவிடுவான். வேடிக்கைப் பேச்சுக்காரன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு விடாமல் காய்ச்சல் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்றார்கள். மெட்டில்டாவுக்கும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. அதைக் கேட்டதும் இஞ்ஞாசி ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் ஆட்கள் பார்க்கப் பார்க்க முழங்கால் போட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அங்கே ஆலோசனை சொல்லும் பெண் சண்முகப்ரியா. "வீட்டுல யாரு அண்ணாச்சி பொறுப்பா பாத்துக்குவீங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா. கயிறு பிடிக்கிறவன் நான்தான்."

அவள் சிரித்துக்கொண்டே அவர் பெயரை எழுதினாள். "தினம் ஒரு மாத்திரை. ஒருநாளும் விடக்கூடாது. ஒழுங்கா சாப்பிட்டா ரத்தத்துல கிருமி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அடங்கிரும். அடங்கிட்டுன்னா உங்க தங்கச்சிக்கு இவரால ஒண்ணும் வராது. விட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து. புரியுதா அண்ணாச்சி?"

புரிந்தது. இது இன்னொரு கயிறு என்று இஞ்ஞாசி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாயங்காலம் கோயிலில் ஜெப மணி அடித்ததும் ரெமிஜியுஸ் மாதா படத்துக்கு முன்னால் நின்று மாத்திரை போடுவான். மாதக் கடைசியில் இஞ்ஞாசி டப்பாவைத் தட்டில் கவிழ்த்து எண்ணுவார். இருக்க வேண்டியது இருக்கும். ஏழு வருஷம் கிருமி தலையெடுக்கவில்லை. அவன் கடலுக்கு வந்தான், சங்கு எடுத்தான், சத்தமாகச் சிரித்தான். பார்க்கிறவர்களுக்கு அவனுக்கு ஒரு நோய் இருக்கிறது என்றே தெரியாது.

போன வருஷம் மாதா திருவிழா முடிந்த வாரத்தில் அவன் ஒருநாள் வழக்கத்தைவிட ஆழமான இடத்தில் வெகுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தான். அதிலிருந்து தோளிலும் முழங்காலிலும் வலி. குளிகாரர்களுக்கு வருவதுதான். "எலும்புக்குள்ள நண்டு நடக்குது மச்சான்" என்பான். துறைமுகத்துப் பக்கம் யாரோ ஒருவன் வலிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறான். கொஞ்ச நாளில் அது முழுங்கினால் பற்றாமல் போயிற்று. தூளாக்கி, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டான். இதெல்லாம் இஞ்ஞாசிக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது அவருக்குத் தெரிந்தது கயிறு சொன்னது மட்டுந்தான்.

கயிறு மாறிப்போயிருந்தது.

மேலேயிருந்து இவர் ஒரு சுண்டு கொடுத்து "இருக்கியா?" என்று கேட்டால், முன்பெல்லாம் கை எடுக்குமுன் பதில் வரும். இப்போது வரவில்லை. இவர் மனசுக்குள் ஒரு பரலோக மந்திரம் ஜெபித்து முடித்த பிறகு, யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மெல்ல ஒரு சுண்டு வரும். சில நாள் இவர் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்தது. அதுதான் அவருக்கு அதிகம் பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். வெயில் தண்ணீரில் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் அசையாமல் நின்றன. ரெமிஜியுஸ் மேலே ஏறி, இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பலகையில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான். இஞ்ஞாசியின் கையில் கயிறு இன்னும் சுற்றியபடி இருந்தது. உள்ளங்கையில் ஒரு சுண்டு விழுந்தது.

அவர் கயிற்றை விட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தால் கயிற்றின் மறுமுனை படகுக்குள்ளேதான் கிடந்தது, ஒரு சங்குக் குவியலுக்குப் பக்கத்தில்.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீரு?"

"ஒண்ணுமில்ல மாப்ள. கை மரத்துப்போச்சு."

ரெமிஜியுஸ் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கீழ ஒரு ஆளு இருக்கான் மச்சான்."

"எந்தப் படகு ஆளு?"

"படகெல்லாம் இல்ல. சும்மா மணல்ல சம்மணம் போட்டு உக்காந்திருக்கான். அவன் கையிலயும் ஒரு கயிறு இருக்கு. என் கயிறுதான். ஆனா அவன் இழுக்கவேமாட்டான். இருலே, இருலேங்குதான். நல்ல மனுசன்."

படகோட்டி சத்தியராஜ் இஞ்சின் பக்கமிருந்து குரல் கொடுத்தான். "சும்மாதான உக்காந்திருக்கான்? அவனையும் நாலு சங்கு பொறுக்கிப் போடச் சொல்லுலே!"

ரெமிஜியுஸ் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு கேலிக்கு அவன் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். இஞ்ஞாசி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. அவன் கேட்காமல் நாம் இழுக்கக்கூடாது என்று விழுங்கிக்கொண்டார்.

பொங்கல் கழிவதற்குள் ரெமிஜியுஸின் சட்டை அவன் மேல் தொங்கியது. வேர்த்து வழிகிற வெயிலிலும் முழுக்கை சட்டையைக் கழற்றமாட்டான். நாக்கில் தயிர் படிந்ததுபோல வெள்ளை. முழங்கைக்குக் கீழே ஒரு புண், உப்புத் தண்ணீர் பட்டது என்று சொன்னான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஏழு வருஷமாகத் தெரியாமல் அடங்கிக் கிடந்த கிருமி லட்சக்கணக்கில் பெருகியிருந்தது. அறுநூறுக்கு மேல் இருந்த எதிர்ப்புச் சக்தி எண் இருநூறுக்கு இறங்கியிருந்தது.

சண்முகப்ரியா காகிதத்தைக் கீழே வைத்தாள். "மாத்திரை விட்டுப்போச்சா அண்ணாச்சி?"

"இல்லம்மா. நானே எண்ணிப் பாத்தேம்லா! ஒண்ணு கூடுதலா இல்ல, ஒண்ணு குறையல. மாதா மேல சத்தியமா சொல்லுதேன்."

ரெமிஜியுஸ் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தியத்தைக் கேட்டபோது அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. இருமல் என்று இஞ்ஞாசி நினைத்தார்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி என்றால் மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதோ என்னவோ, வேறு மருந்து பார்க்க வேண்டியிருக்கும், அடுத்த வாரம் வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். மெட்டில்டாவுக்கும் சோதித்தார்கள். இல்லை என்றுதான் வந்தது. ஆனால் இந்தமுறை டாக்டரம்மா முகம் தெளியவில்லை. "இவருக்குக் கிருமி கூடியிருக்கிற சமயம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாத்தாத்தான் உறுதியாச் சொல்லமுடியும்" என்றார்.

அன்றிலிருந்து இஞ்ஞாசிக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்தவளுக்காகத்தானே கயிறு. அந்தக் கயிறு கையில் இருக்கும்போதே அவளும் சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தால்?

நாலாம் நாள் மத்தியானம் மெட்டில்டா வந்தாள். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள்.

"அண்ணே, எங்க வீட்டுச் சங்கு பேசமாட்டேங்கு."

அவர்கள் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் ஒரு பெரிய சங்கு உண்டு. கல்யாணம் ஆன வருஷம் ரெமிஜியுஸ் எடுத்து வந்தது, இரண்டு கையால் தூக்க வேண்டும். ஜெபம் சொல்லி முடித்ததும் மெட்டில்டா அதைக் காதில் வைத்துக் கேட்பாள். உள்ளே கடல் இரைந்துகொண்டிருக்கும். அவன் கடலுக்குள் இருக்கும் நேரங்களில் அந்த இரைச்சலைக் கேட்டால்தான் அவளுக்கு நெஞ்சு அடங்கும்.

"மார்கழியில இருந்தே சத்தம் கொறைஞ்சுக்கிட்டு வந்துச்சு. என் காதுதான் மந்தமாயிட்டுன்னு நெனச்சேன். இப்ப ஒண்ணுமே இல்ல. மூச்சு நின்ன மாதிரி இருக்கு. அண்ணே, எனக்கு என்னமோ போல வருது."

"ஏளா, சங்கு என்ன மனுசனா? வா, பாப்போம்."

சொன்னாரே தவிர அவர் குரலும் சரியாக இல்லை. ரெமிஜியுஸ் வீட்டில் இல்லை. பட்டப்பகலிலும் அந்த வீட்டுக்குள் வெளிச்சம் கடலடி வெளிச்சம்போலப் பச்சையாக இருந்தது. ஜன்னலுக்கு வலைத்துணி போட்டு மூடியிருந்தான், கண் கூசுகிறது என்று. இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கொண்டு சங்கை எடுத்துக் காதில் வைத்தார். ஒன்றுமில்லை. வெறும் அமைதிகூட இல்லை, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே இருப்பதுபோல ஒரு அடைப்பு. கனமும் கூடியிருந்தது.

விரலை விட்டார். பஞ்சு தட்டுப்பட்டது. மெத்தைக்குள் இருக்கும் இலவம் பஞ்சு. இழுக்க இழுக்க வந்தது. பஞ்சுக்குப் பின்னால் மாத்திரைகள். தட்டு நிறையக் கொட்டின. சிலது ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, சிலது இன்னும் பளிச்சென்று. கடைசியாக ஒரு ஊசியின் மூடி உருண்டு வந்து தட்டு விளிம்பில் நின்றது.

மெட்டில்டா ஒட்டிக் கிடந்த மாத்திரைகளை விரலால் பிரித்தாள். "தினமும் மணி அடிச்சதும் டப்பாவத் திறப்பாகளே அண்ணே! மாதாவப் பாத்துத் திரும்பி நிப்பாக. நான் ஜெபம் சொல்லுதாகன்னுல்லா நெனச்சேன்!"

இஞ்ஞாசி எண்ணினார். அறுபத்து மூன்று. ஏழு வருஷம் எண்ணிப் பழகிய கைதான். டப்பாவில் மிச்சம் இருந்ததைத்தான் அவர் எண்ணியிருந்தார். தொண்டைக்குள் இறங்குகிறதா என்று ஒருநாளும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. தண்ணீரைப் பார்க்காமல் கயிற்றை மட்டும் பார்க்கிற பழக்கம். அந்த அறியாமையோடு மாதா மேல் சத்தியம் வேறு செய்துவிட்டு வந்திருக்கிறார்.

"அவனே சொல்லட்டும். ஒருநாள் பொறு" என்று தங்கையிடம் சொன்னார். இப்போதும் அவர் அந்த இரண்டு சுண்டுக்காகத்தான் காத்திருந்தார்.

மறுநாள் காலை வான்தீவுக்குக் கிழக்கே படகு நின்றது. ரெமிஜியுஸ் பேசாமல் கயிற்றைக் கட்டிக்கொண்டான். அவன் கண்மணி ஊசி குத்திய புள்ளியாகச் சுருங்கியிருந்தது. வெயிலுக்கு என்று இஞ்ஞாசி நினைத்தார். இறங்கினான்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் ஒரு சுண்டு கொடுத்தார். பதில் வரவில்லை. மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொன்னார். மறுபடி சுண்டினார். கயிறு கனத்தது, ஆனால் பேசவில்லை. கம்ப்ரசர் தன் பாட்டுக்கு ஓடியது. பத்து மந்திரம் ஆயிற்று. அப்போது உள்ளங்கையில் ஒரு சுண்டு விழுந்தது. "இருக்கேன்."

அது ரெமிஜியுஸின் சுண்டு இல்லை.

பத்தொன்பது வருஷம் ஒரே ஆளின் கையைக் கயிற்றின் வழியாகக் கேட்டவருக்குத் தெரியாதா? மெதுவாக, பிரியமாக, அவசரமே இல்லாத ஒரு சுண்டு. இருலே, இரு என்று சொல்வது போல. வாழ்நாளில் முதல் முறையாக அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்துத் தண்ணீரைப் பார்த்தார்.

மேலே வந்துகொண்டிருந்த குமிழிகள் அருகிப்போயிருந்தன. ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது.

"சத்தியராஜ்! இழுலே!"

"அண்ணாச்சி, ரெண்டு சுண்டு வந்துச்சா?"

"வரலலே! வராது! இழு!"

இரண்டு பேரும் இழுத்தார்கள். கீழேயும் யாரோ பிடித்திருப்பது போல முதலில் கயிறு வரவில்லை. பிறகு சட்டென்று விட்டது. ரெமிஜியுஸ் மேலே வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு, யாருக்கோ சிரித்த சிரிப்பு. படகில் போட்டு இஞ்ஞாசி அவன் வாயில் வாய் வைத்து ஊதினார். கன்னத்தில் அடித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கரை வரும்வரை அவன் மூச்சுக்கு மூச்சு "மூச்ச விடுலே, இன்னொண்ணு விடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஈரச் சட்டையின் கை மேலே ஏறியிருந்தது. உள்கை நெடுகக் கறுத்த புள்ளிகள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவன் தெளிந்தான். முதல் பேச்சு, "யாரக் கேட்டு இழுத்தீரு?"

"யாரையும் கேக்கல. கோவம்னா வேற மச்சானத் தேடிக்க."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இஞ்ஞாசி தட்டிலிருந்த மாத்திரைகளை ஒரு துணியில் கட்டிக் கொண்டு வந்திருந்தார். சண்முகப்ரியா முன்னால் அவிழ்த்து வைத்தார். "அன்னைக்கு நான் சொன்னது பொய் சத்தியமாப் போச்சும்மா. நான் எண்ணினேனே தவிரப் பாக்கல."

அவள் ரெமிஜியுஸின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். திட்டவில்லை. "ஏன் சாப்பிடல? சும்மா சொல்லுங்க."

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "ஊசியும் மாத்திரையும் ஒரே ரத்தத்துல சேந்தா ஆளு செத்துப்போவான்னு துறைமுகத்துப் பக்கம் சொன்னானுவ. ஊசி போட்ட அன்னைக்கு மாத்திரைய வச்சிருவேன். நாளைக்குச் சாப்பிடலாம்னுதான் நெனப்பேன். அப்புறம் தினமும் ஊசின்னு ஆயிட்டு."

"அப்ப ஏன் தூரப் போடாம சங்குக்குள்ள வச்சீங்க?"

"மாதா முன்னால எடுத்த மருந்து. கடல்ல வீச மனசு வரல. அவளே வச்சிருக்கட்டும்னு விட்டேன்."

சண்முகப்ரியா மாத்திரைத் துணியை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "உங்ககிட்ட சொன்னவங்களுக்குத் தெரியாது அண்ணாச்சி. ஊசி போட்ட நாளும் இந்த மாத்திரையப் போடணும். போதைய விட்டப்புறம் பாத்துக்கலாம்னு மருந்த நிறுத்தினவங்கதான் சீக்கிரமா விழுந்திருக்காங்க. நாக்குல வெள்ளை, சளி, கையில சீழ், எல்லாம் அந்த வழியா வந்ததுதான். ஊசிய மாத்திப் போட்டா ஈரலும் போகும். இப்ப ரெண்டையும் சேத்துப் பாப்போம். போதைய நிறுத்த நாக்குக்கு அடியில வைக்கிற மருந்து இருக்கு, தினமும் இங்கன வந்து நர்ஸ் முன்னால வைக்கணும். கிருமி மாத்திரைய யார் முன்னாலயாவது போடணும்." அவள் இஞ்ஞாசியைப் பார்த்தாள். "இந்தத் தடவை எண்ண வேண்டாம் அண்ணாச்சி. பாருங்க."

பார்த்தார். தினமும் மணி அடித்ததும் இஞ்ஞாசி அந்த வீட்டில் எதிரே உட்காருவார். அவன் மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவான். "போதுமா? தொண்டைக்குள்ள இறங்கிப் பாக்கீரா?" என்று எரிந்துவிழுவான். மெட்டில்டா அடுப்படியில் சிரித்துவிடுவாள். சளியைச் சோதித்ததில் காசநோயும் இருந்தது, அதற்கும் மருந்து. எல்லாம் ஒரே சீராகப் போய்விடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒருநாள் காணாமல் போனான். துறைமுகத்துச் சுவரோரம் கிடந்தான். அன்றைக்கும் இஞ்ஞாசி அவனைத் தூக்கி உட்காரவைத்து மாத்திரையைப் போடச் சொன்னார். போட்டான்.

மூன்று மாதம் கழித்து மெட்டில்டாவுக்கு மறுபடி சோதித்தார்கள். இல்லை. இஞ்ஞாசி அதே வேப்பமரத்தைத் தேடிப் போனார். ரெமிஜியுஸுக்குக் கிருமி லட்சத்திலிருந்து ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் அடங்கவில்லை, அடங்கும் என்றார் டாக்டரம்மா. சங்கைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்தார்கள். அது இரைகிறது. ஆனால் மெட்டில்டா முன்போல அதைக் காதில் வைப்பதில்லை.

ரெமிஜியுஸ் இப்போது கடலில் இறங்குவதில்லை; இஞ்ஞாசி கரையில் வலைக்கொட்டகையில் உட்கார்ந்து வலை பிரித்துக் கொடுக்கிறார். கயிறு அங்கே சுவரில் தொங்குகிறது. சில சமயம் மத்தியானத்தில், காற்றே இல்லாத நேரத்தில், அது தானாக ஒருமுறை ஆடும். அவர் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொள்வார்.

போன வாரமும் அப்படித்தான் ஆடியது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட்டம் நின்றது. அடுத்து அவர் சட்டையில் பின்னாலிருந்து ஒரு சுண்டு விழுந்தது. இன்னொரு சுண்டு விழுந்தது.

திரும்பினார். ரெமிஜியுஸ் நின்றான். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. கண்மணி பெரிதாக, பயந்து, ஆனால் தெளிவாக இருந்தது. ஊசி போட்ட கண் அல்ல.

"அவன் கூப்பிடுதான் மச்சான்" என்றான். "காலையிலயிருந்து கூப்பிடுதான். இழும்."

இஞ்ஞாசி வலையைக் கீழே போட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் கையைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்தார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பாதையில் நடந்தார்கள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.